செல்வீக் குடாவுல இருக்கேன்

தாங்கெய்ரியில் பொய் சொல்லாத ஆண்பிள்ளை ஒருவர்தான் இருந்தார். அவர் பாதிரியார், அவருக்குப் படகு கிடையாது.

மற்றவர்களும் கரையில் இருக்கும்வரை யோக்கியர்கள்தான். வழிதவறி வந்த ஆட்டின் காதில் இருக்கும் வெட்டு அடையாளத்தைப் பார்த்து, உரியவன் வீட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவார்கள். ஆனால் படகு துறையைத் தாண்டி, கையில் ஒலிவாங்கியை எடுத்துவிட்டால் போதும், வாயிலிருந்து வருவது ஒன்றும் நிஜமில்லை. வடக்கே தூண்டில் போட்டவன் தெற்கே இருப்பதாகச் சொல்வான். மீன் கொட்டுகிறது என்றால் ஈ ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்வான். ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில், இருக்கிற கொஞ்சம் மீனுக்கு இத்தனை படகுகள் முட்டி மோதும்போது, நல்ல இடத்தை வானொலியில் உளறுகிறவன் பைத்தியக்காரன். கேட்கிற கேப்டன்களுக்கும் அது பொய் என்று தெரியும். பதிலுக்கு அவர்களும் ஒன்றை எடுத்து விடுவார்கள். இதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது.

இந்தப் பொய்யர்களுக்கெல்லாம் ராஜா லௌகி. ரீத்தா என்ற மரப்படகின் கேப்டன். குள்ளமான ஆள், சிவந்த கழுத்து, எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வான். "பெரிய கருங்கல்லா ஒண்ணு மாட்டியிருக்கு, அதை வேணா கரைக்குக் கொண்டாறேன்" என்று வானொலியில் அலுத்துக்கொள்வான். மறுநாள் படகு விளிம்புவரை மீனோடு வந்து நிற்பான்.

அவன் மனைவி ஹெர்தீஸ், ஊரின் மீன் உறைநிலையத்தில் மீன்துண்டு அடுக்குகிறவள். நல்ல உயரம், அகலமான தோள், வாய்த்துடுக்கு. எல்லா வீட்டுச் சமையலறை வானொலியிலும் செய்திகளைத் தாண்டி முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் படகுக்காரர்களின் பேச்சு கேட்கும். தாங்கெய்ரியின் பெண்கள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே புருஷன்மார் புளுகுவதைக் கேட்பார்கள். மற்றப் பெண்களுக்கு அது பொழுதுபோக்கு. ஹெர்தீஸுக்கு அது ஒரு தனித்திறமை. லௌகி எந்தத் தொனியில் எதைச் சொன்னால் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். உறைநிலையத்து மேலாளரே சாயங்காலம் அவளிடம் வந்து, "நாளைக்கு எத்தனை பேரை வரச் சொல்லட்டும்?" என்று கேட்பார்.

"பாவம், ஒண்ணுமே கிடைக்கலன்னு அழுதான். எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்பாள் அவள். தப்பியதே இல்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. அதை மறைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது.

உறைநிலையத்தில் தண்ணீர் அவசரப்படாது. தகரத்தட்டில் மீனை அடுக்கி, குளிர்த்தகடுகளுக்கு நடுவே தள்ளினால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல மெல்ல இறுகும். கடலில் நடப்பது வேறு. கடல்நீர் உப்பு, அலையாக உருளும்வரை லேசில் உறையாது. படகின் மூக்கு அலையில் இடிக்கும்போது தெறிக்கிற திவலைதான் எமன். அது காற்றில் பறக்கும் அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் குளிர்காற்று அதன் சூட்டையெல்லாம் பிடுங்கிவிடும். கம்பியில் விழும்போது அது பாதி தண்ணீர், பாதி ஐஸ். ஒட்டிக்கொண்டதும் முழு ஐஸ். அதன்மேல் அடுத்த திவலை. விரல் தடிமன் இருந்த கம்பி தொடைத் தடிமன் ஆகும். பாய்மரம், கைப்பிடிச் சுவர், கேப்டன் அறையின் கூரை, ஏரியல் என்று எல்லாம் மெழுகு வழிந்து தடித்த மெழுகுவத்தி மாதிரி ஆகிவிடும். எடை முழுக்கத் தலையில் ஏறும். ஆட்கள் மரச்சுத்தியலும் கடப்பாரையுமாக ஏறி நின்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக ஆடுகிற படகைக் கண்டு எங்கள் ஊரில் யாரும் பயப்படுவதில்லை. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு, நிமிரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற படகைக் கண்டால்தான் பயம்.

ஹெர்தீஸின் தம்பி இந்திரிதியும் ரீத்தாவில்தான் வேலை பார்த்தான், எஞ்சின் பொறுப்பு. முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தான். அதிகம் பேசமாட்டான். பேசினால் அக்காவைச் சீண்டத்தான் பேசுவான்.

அந்தப் பிப்ரவரி மாதத்துக் காலையில் மூன்று பேரும் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். லௌகி ஒரு சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"வடக்கு மேட்டுக்குப் போறோம்." வடக்கு மேடு என்றால் நடுக்கடலில் மீன் கூடுகிற, ஆழம் குறைந்த திட்டு.

"இங்க யாரு இருக்கா, இப்படிக் குசுகுசுக்கிற?" என்றாள் ஹெர்தீஸ்.

"பூனை இருக்கு. அது பக்கத்து வீட்டுக்கும் போற பூனை."

"குளிர் வருதுன்னு வானிலையில சொன்னாங்களே."

"நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள வந்துருவோம். வானிலை சொல்றவனும் என்னை மாதிரிதான், பாதிதான் நெசம்."

ஹெர்தீஸ் தம்பியிடம் புதுசாகப் பின்னிய கம்பளிக் கையுறைகளைக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் கடல் கையுறைக்கு இரண்டு கட்டைவிரல் வைத்துப் பின்னுவார்கள். ஒரு பக்கம் தேய்ந்து நைந்துபோனால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

இந்திரிதி அதைக் கையில் மாட்டி, சும்மா தொங்கிய மற்றக் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான். "அக்கா, இந்த விரலுக்கு ஒரு பொண்ணு பாரேன்."

"முதல்ல இருக்கிற விரலுக்கு வேலை குடு. போய் எஞ்சினைப் பாரு."

அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசிய பேச்சு. பிறகு எத்தனையோ முறை அதைவிட நல்லதாக ஒன்றை யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

குளிர் நாளைவரை காத்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் வடகிழக்கிலிருந்து காற்று எழும்பியது. ஹெர்தீஸ் கொடியில் போட்டிருந்த லௌகியின் நீளக் கால்சட்டை, சொட்டி முடிப்பதற்குள் பலகையாக விறைத்துக் காற்றில் டம் டம் என்று கம்பத்தில் இடித்தது. மடிக்க முடியாமல் அதை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சமையலறை மூலையில் சாய்த்து நிறுத்தினாள். அது நின்றது.

காப்பிக்கு வந்திருந்த குன்வோர் அதைப் பார்த்துச் சிரித்தாள். "உன் புருஷன் பாதி வீட்டுக்கு வந்துட்டான் போல."

குன்வோரின் கணவன் ஸ்வாவரும் ரீத்தாவில்தான் இருந்தான். இரண்டு பெண்களும் ஒன்றாகவே வேலைக்குப் போய், ஒன்றாகவே திரும்பி, ஒரே வானொலியைக் கேட்பவர்கள். அன்றும் உட்கார்ந்து கேட்டார்கள். காற்றின் இரைச்சலுக்கும் கரகரப்புக்கும் நடுவே, பக்கத்து ஊர்க் கேப்டன் ஒருவனுக்கு லௌகி பதில் சொல்வது கேட்டது.

"செல்வீக் குடாவுல இருக்கேன். குடா வாயில. காத்துக்கு மறைவா உள்ள ஒதுங்கலாம்னு பாக்கறேன். கொஞ்சம் ஐஸ் கட்டியிருக்கு, பசங்க தட்டிக்கிட்டிருக்காங்க. ரீத்தா சாஞ்சா நிமிர யோசிக்கிறா இன்னிக்கு. வயசாயிடுச்சில்ல, என் பொண்டாட்டி மாதிரி."

குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, சிரிப்போடு. அதற்குப் பிறகு கரகரப்புதான்.

"செல்வீக்காம்" என்று ஹெர்தீஸ் உருளைக்கிழங்குக் கத்தியை மேசையில் வைத்தாள். "சொல்ற இடத்தைப் பாரு. செல்வீக்ல ஒரு மீன்குஞ்சு கிடைக்குமா? காலையில என்கிட்ட வடக்கு மேடுன்னு சொல்லிட்டுத்தான் போனான். அங்க மீன் மேல உக்காந்திருக்கான். எவனும் பின்னாடி வந்துடக்கூடாதுன்னு ஐஸாம், காத்தாம், என்னைய வேற இழுக்கறான்."

குன்வோரும் சிரித்தாள்.

அப்போது வெளியே இருட்டிவிட்டிருந்தது. பிப்ரவரியில் எங்களுக்குப் பகல் என்பது பேருக்குத்தான். காற்று வீட்டின் தகரச் சுவரை உலுக்கியது. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக, எந்தக் குடாவில் ஒதுங்கியிருக்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்தன. அவர்கள் குரலில் விளையாட்டு இல்லை. கரை வானொலி நிலையத்துப் பெண் ரீத்தாவைக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். பிறகு அதே நிதானத்தோடு திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். லௌகியிடமிருந்து பதில் வரவில்லை.

"ஏரியல்ல ஐஸ் கட்டியிருக்கும்" என்றாள் ஹெர்தீஸ். அப்படி ஆவது உண்டு. குன்வோர் தலையாட்டினாள். வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தவள், போகாமல் அடுப்போரம் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஐவிந்தூர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். ஊரின் மீட்புக் குழுவுக்குத் தலைவன். துறையில் அன்று இருந்ததிலேயே பெரிய இரும்புப் படகு அவனுடையது. மேல்கோட்டில் பனி ஒட்டியிருந்தது, கழற்றவில்லை.

"நான் கிளம்பறேன், ஹெர்தீஸ். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் எங்க இருக்கான்?"

"வடக்கு மேட்டுல."

"செல்வீக்னு சொன்னானே."

"லௌகி சொன்னதை எப்ப நம்ப ஆரம்பிச்ச?"

ஐவிந்தூர் உட்காராமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "இந்தக் குளிர்ல என் படகும் ஐஸ் கட்டும். ஒரு பக்கம்தான் போக முடியும். வடக்கே போய்ட்டுத் திரும்பித் தெற்கே செல்வீக்குக்கு வரணும்னா நாளைக்குப் பூராவும் ஆகும். வேற படகும் இல்ல, எல்லாவனும் எங்கயாவது ஒதுங்கி அவனவன் ஐஸைத் தட்டிக்கிட்டிருக்கான். செல்வீக்குக்கு நடந்து போகலாம்னா மலைமேட்டுல இடுப்பளவு பனி. அதனாலதான் கேக்கறேன்."

"காலையில என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னான், வடக்கு மேடுன்னு. கடல்ல ஆயிரம் சொல்லுவான், என்கிட்ட பொய் சொன்னதில்ல."

"சாஞ்சா நிமிரலன்னான். அதுதான் என்னை உறுத்துது. படகுல ஐஸ் ஏறிட்டா மனுஷன் பொய் சொல்லமாட்டான்."

"உனக்கு அவனைத் தெரியாது. சவப்பெட்டியில படுக்க வச்சாலும் பக்கத்துக் குழியிலதான் இருக்கேன்னு சொல்லுவான் அவன்."

குன்வோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐவிந்தூர் சிரிக்கவில்லை.

ஹெர்தீஸ் குரலை இறக்கிப் பேசினாள். "யோசிச்சுப் பாரு, ஐவிந்தூர். செல்வீக்ல இருந்தான்னா குடாவுக்குள்ள போயிருப்பான், மறைவுல இருப்பான், நாளைக்கு வந்து நம்மளைக் கேலி பண்ணுவான். வடக்கே இருந்தான்னாதான் ஆபத்து. அங்க மறைவே கிடையாது. நீ அங்கதான் போகணும்."

அது நியாயமான பேச்சு. யார் கேட்டிருந்தாலும் நியாயம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஐவிந்தூர் வானொலியின் பக்கம் திரும்பினான். அந்தப் பெண் இன்னும் ரீத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"குன்வோர், நீ என்ன சொல்ற?"

"இவளுக்குத்தான் அவனைப் படிக்கத் தெரியும்" என்றாள் குன்வோர்.

ஐவிந்தூர் வடக்கே போனான்.

எங்கள் ஊரில் சாவுச் செய்தியைப் பாதிரியார்தான் கொண்டுவருவார். அதனால் கெட்ட காற்று அடித்த மறுநாள்களில் அவர் காலாற நடக்கக்கூட வீட்டைவிட்டு வரமாட்டார். அவர் தெருவில் கால் வைத்தால் ஜன்னலுக்கு ஜன்னல் திரைச்சீலை விலகும். எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறார் என்று ஒவ்வொருத்தியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். தாண்டிப் போய்விட்டால் அந்த நிம்மதிக்காகவே வெட்கப்படுவாள்.

ஹெர்தீஸ் ஜன்னலை விட்டு நகராமல் இருந்தாள். ஐவிந்தூரின் படகு வடக்கு மேட்டில் ஒன்றையும் காணாமல், தானும் மூழ்கிவிடும் என்கிற அளவுக்கு ஐஸ் சுமந்துகொண்டு, வழியில் நின்று நின்று தட்டித் தட்டி ஊர்ந்து திரும்பியது வானொலியில் தெரிந்தது. அது ஊருக்குள் வராமல் நேராகத் தெற்கே போனதும் தெரிந்தது. அப்போதே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் காப்பி போட்டாள், குன்வோருக்கும் சேர்த்து.

பாதிரியார் மேல்தெரு முனையில் தெரிந்தார். முதல் வீட்டைத் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார். அவள் வாசலில் நின்றார்.

செல்வீக் குடாவின் கரையில் காற்றடைத்த ரப்பர்த் தெப்பம் ஒதுங்கியிருந்தது என்றார். அதில் இந்திரிதியும் ஸ்வாவரும் இருந்தார்கள், உயிர் இல்லை. ரீத்தாவின் பலகைகள் சில குடா வாயில் மிதந்தன. லௌகியும் மற்றவர்களும் கிடைக்கவில்லை.

குன்வோர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹெர்தீஸ் நின்றபடியே கேட்டாள். "எவ்வளவு நேரம் உயிரோட இருந்தாங்க, ஐயா?"

பாதிரியார் தொப்பியைக் கையில் சுழற்றினார். "ரொம்ப நேரம் இல்லம்மா. உடனே முடிஞ்சிருக்கும். கஷ்டப்பட்டிருக்கமாட்டாங்க."

பொய்யைப் பிரித்துப் படிப்பதையே தொழிலாக வைத்திருந்தவள் அவள். இந்த மனிதர் ஆயுசில் முதல்முறையாகச் சொல்கிறார், அதிலும் அரைகுறையாகச் சொல்கிறார், கண் தரையில் இருக்கிறது. தாங்கெய்ரியில் பொய் சொல்லாமல் மிச்சமிருந்த ஒரே ஆளும் அன்றோடு போனார்.

இரண்டு பேரையும் தேவாலயத்து மேட்டில் புதைத்தார்கள். தரை இறுகிக் கிடந்ததால் தீ மூட்டி மண்ணை இளக்கித்தான் குழி வெட்ட முடிந்தது. லௌகிக்கு எதைப் புதைப்பது? கல் மட்டும் நட்டார்கள்.

ஊரில் ஒருவர்கூட ஹெர்தீஸைக் குறைசொல்லவில்லை. அதுதான் கொடுமை. எல்லாரும் அவளைத் தேற்றினார்கள். "லௌகி சொன்னா யாருதான் நம்பியிருப்பா? நானா இருந்தாலும் வடக்கேதான் போகச் சொல்லியிருப்பேன்" என்று வீடு வீடாகச் சொன்னார்கள். ஒருத்தியாவது வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். குன்வோர்கூடத் திட்டவில்லை.

குன்வோர் ஒருநாள் உறைநிலையத்தில், தட்டு அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "உன்மேல கோபமில்ல எனக்கு. ஐவிந்தூர் என்னையும்தான் கேட்டான். நீ சொன்ன வேடிக்கைக்கு நான் சிரிச்சேன், ஹெர்தீஸ். ஸ்வாவர் அங்க கெடக்கறப்ப நான் சிரிச்சேன். அதை என்ன செய்யறதுன்னுதான் தெரியல." அதன்பிறகு அவள் காப்பிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே மேசையில், முழங்கை இடிக்க நின்று, மிச்ச வருஷங்களையும் ஓட்டினார்கள்.

குளிர் போய், கரைப் பாறைகளில் பனி உருகி ஓடத் தொடங்கியபோது ஹெர்தீஸ் ஐவிந்தூரின் படகுக்கொட்டகைக்குப் போனாள். அவன் தூண்டில் முட்களைச் சீர்பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாதிரியாரை என்ன சொல்லச் சொன்ன?"

"நான் எதுவும் சொல்லச் சொல்லலியே."

"ஐவிந்தூர், என்கிட்ட இந்த வேலை வேண்டாம்."

அவன் எழுந்து கொட்டகைக் கதவைச் சாத்தினான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். காற்று எழும்பியதும் லௌகி பாதி வழியிலேயே தெற்கே திரும்பியிருக்க வேண்டும். தெப்பத்தைக் கரையில் இழுத்துக் கல் ஏற்றி வைத்திருந்தார்கள். பிஸ்கட் டப்பா காலியாக இருந்தது. தண்ணீர் டப்பாக்கள் உறைந்து வெடித்திருந்தன, அந்த ஐஸைக் கல்லால் உடைத்துச் சப்பியிருந்தார்கள். தெப்பத்திலிருந்து குடா முனைவரை பனியில் ஒரு பாதை விழுந்திருந்தது. கடலைப் பார்க்கத் தோதான இடம் அது. ஒருமுறை நடந்த பாதை இல்லை. போயும் வந்தும், போயும் வந்தும், இரண்டு ஆள் காலடியில் அது கல்லாக இறுகியிருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"முதநாள் ராத்திரியைத் தாண்டியிருக்காங்க. மறுநாளும் கொஞ்சம் இருந்திருப்பாங்க. நான் நேரா அங்க வந்திருந்தா..."

"சொல்லு."

"நேரா வந்திருந்தா ரெண்டு பேரும் நடந்து வந்து படகுல ஏறியிருப்பாங்க."

ஹெர்தீஸ் மீன்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். ஐவிந்தூர் மூலையில் இருந்த மரப்பெட்டியைத் திறந்து, எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். தெப்பத்தில் வைத்திருக்கும் சிவப்பு மத்தாப்பு, ஆபத்தில் கையில் பிடித்துக் கொளுத்துவது. கூடவே ஒரு ஜோடி கம்பளிக் கையுறை. இந்திரிதி அதைத் திருப்பிப் போட்டிருந்தான். சுத்தியல் பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் நூல் நூலாகப் போயிருந்தது, மற்றப் பக்கமும் பாதி தேய்ந்துவிட்டிருந்தது.

"மத்ததெல்லாம் எரிச்சு முடிச்சிருந்தாங்க. இது ஒண்ணை உன் தம்பி சட்டைக்குள்ள, உடம்போட ஒட்டி வச்சிருந்தான். நனையக்கூடாதுன்னு. எஞ்சின் சத்தம் கேட்டா கொளுத்தலாம்னு வச்சிருக்கணும்." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எங்க இருக்கோம்னுதான் லௌகி சொல்லியாச்சே. வருவாங்கன்னு நெனச்சிருப்பாங்க."

ஹெர்தீஸ் இரண்டையும் வாங்கி மேல்கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது வெயில் அடித்தது, வருஷத்தின் முதல் நல்ல வெயில். அதை அனுபவிக்கிற நிலையில் அவள் இல்லை.

அந்தப் பிப்ரவரிக் குளிருக்குப் பிறகு கேப்டன்கள் கொஞ்ச காலம் வானொலியில் உண்மை பேசினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது மாதிரி, இன்ன இடத்தில் இருக்கிறேன், இவ்வளவு மீன் என்று விறைப்பாகச் சொன்னார்கள். கேட்கவே அந்நியமாக இருந்தது. மே மாதத்துக்குள் ஒருவன் மெல்ல ஆரம்பித்தான், மீனே இல்லை என்று. இரண்டாமவன் தெற்கே இருப்பதாகச் சொன்னான். கோடையில் எல்லாம் பழையபடி ஆனது. இத்தனை உயிர் போனதற்குப் பொய் சொல்வதையாவது விட்டார்களா என்றால், இல்லை. எனக்கு அவர்கள்மேல் இப்போதும் ஆத்திரம்தான். அவர்களுக்கும் பிழைப்பு நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொள்வார்கள், சொல்லட்டும்.

மேலாளர் மட்டும் அதற்குப் பிறகு ஹெர்தீஸிடம் நாளைக்கு எத்தனை பேர் வரவேண்டும் என்று கேட்கவே இல்லை. ஆனாலும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வானொலியை நிறுத்த அவளால் முடியவில்லை. யார் பேசினாலும், "அவன் நெசமாவே அங்கதான் இருக்கான்" என்று வெறும் சமையலறையில் சொல்லிக்கொள்வாள். முன்பு ஒவ்வொரு பொய்யையும் கண்டுபிடித்தவளுக்கு இப்போது பொய் எது, நிஜம் எது என்று பிடிபடவில்லை. எல்லாம் உண்மை மாதிரியே கேட்டது.

வருஷக் கடைசி நாளில் எங்கள் ஊரில் கடற்கரையில் பெரிய தீ வளர்ப்போம். படகுகளில் காலாவதியான மத்தாப்புகளையும் வாணங்களையும் கேப்டன்கள் கொண்டுவந்து சாயங்காலமே கொளுத்தித் தீர்ப்பார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்த வருஷமும் கொளுத்தினார்கள். சிலது சீறியது, சிலது புகைந்து அணைந்தது; அணைந்ததைப் பார்த்துக் கேப்டன்களைக் கேலி செய்தார்கள். "இதை நம்பித்தான் கடலுக்குப் போறியாக்கும்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஹெர்தீஸ் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் கூட்டத்தை விட்டுத் தள்ளி, அலை வந்து தொடும் இடத்தில் போய் நின்றாள். அவள் கையில் இருந்ததை ஐவிந்தூர் தூரத்திலிருந்தே கண்டுகொண்டான். வேகமாக வந்தான்.

"வேண்டாம், ஹெர்தீஸ். அது நமுத்துப் போயிருக்கும்."

"பாக்கலாமே."

"கண்டிப்பா நமுத்திருக்கும். உள்ள தண்ணி போயிருக்கும், உறைஞ்சிருக்கும். அன்னிக்கேகூட அது எரிஞ்சிருக்காது. நான் சொல்றேன் கேளு."

அவன் கெஞ்சிய கெஞ்சலிலிருந்தே அவனுக்கும் இத்தனை மாதமாக அந்த ஒரு நம்பிக்கைதான் துணை என்று தெரிந்தது. நமுத்ததாக இருந்தால், பிறகு எவ்வளவோ சொல்லிக்கொள்ளலாம். முனையைச் சுற்றிப் படகு வந்தாலும் அவர்களைக் கண்டிருக்க முடியாது, இருட்டில் தாண்டிப் போயிருப்போம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. அதற்காகத்தான் வந்தாள்.

மூடியைத் திருகி எடுத்து, முனையை உரசினாள்.

முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது. சீறிக்கொண்டு எழுந்த சிவப்பு வெளிச்சத்தில் துறை தெரிந்தது, கட்டிக் கிடந்த ஒவ்வொரு படகும் அதன் பெயரோடு தெரிந்தது, குடாவின் எதிர்க்கரைப் பாறைகள் தெரிந்தன, தேவாலயத்து மேட்டில் இருந்த கற்கள் தெரிந்தன. இத்தனை நல்ல மத்தாப்பை அன்று யாரும் கொளுத்தியிருக்கவில்லை. விவரம் தெரியாத பிள்ளைகள் கைதட்டினார்கள். கூட்டத்தில் நின்ற குன்வோரின் முகமும் அந்தச் சிவப்பில் தெரிந்தது. ஐவிந்தூர் கடலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

ஹெர்தீஸ் அது எரிந்து முடியும்வரை கையை உயர்த்தியே பிடித்திருந்தாள். கையில் இந்திரிதியின் கையுறை இருந்தது. மற்றக் கட்டைவிரல் காலியாகத் தொங்கியது.

"நல்லாத்தான் எரியுது" என்றாள்.